விளையாட்டுப் பக்கத்தில் யாருக்கு இடம்?

பத்திரிகை கைக்கு வந்ததும் பின்பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அமைச்சர் பேசியதும் விலைவாசி ஏறியதும் அப்புறம்தான். நேற்று யார் ஜெயித்தார்கள், எந்தத் தியேட்டரில் என்ன படம் ஓடுகிறது என்பதுதான் முதலில். அப்பாவுக்கு ஒரு தாள், பிள்ளைக்கு ஒரு தாள், அம்மாவுக்கு ஒரு தாள் என்று பத்திரிகை துண்டு துண்டாகப் பிரிந்து போவதே இந்தப் பக்கங்களால்தானே?

படித்தவர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த எண்ணமில்லை. ஓர் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், அதன் பழைய பத்திரிகைகளில் விளையாட்டுப் பக்கத்தையும் நாடகப் பக்கத்தையும் புரட்ட வேண்டும் என்பேன். அந்த ஊர் யாரைத் தன் பிள்ளையென்று தூக்கி வைத்துக்கொண்டது, யாரை வாசலிலேயே நிறுத்தியது என்பது தலையங்கத்தைவிட அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

இம்முறை உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன், வாசகர்களே. கனடா நாட்டின் நடுப்பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு பள்ளமில்லாத புல்வெளி. 'பிரேரி' என்பார்கள். மலை கிடையாது, ஆற்றோரம் தவிர மரமும் அதிகம் கிடையாது. குளிர்காலத்தில் சுழியத்துக்கும் கீழே 30, 40 பாகை என்று குளிர் இறங்கும். அந்தச் சமவெளியில் ரெட் ஆறும் அசினிபொயின் ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது வின்னிபெக் நகரம்.

1871-ல் கணக்கெடுத்தபோது அங்கே இருந்தவர்கள் 241 பேர். நம் தோட்டங்களில் ஒரு டிவிஷனில் அதைவிட அதிகம் பேர் இருந்திருப்பார்கள்! ஆனால் அடுத்த ஆண்டு நவம்பரிலேயே 'மனிடோபா ஃபிரீ பிரஸ்' என்ற பத்திரிகை அங்கே தொடங்கிவிட்டது. நகரம் என்ற தகுதி 1873-ல்தான் கிடைத்தது. அதாவது பத்திரிகைக்குத் தம்பி அந்த நகரம். பிறகு ரயில் வந்தது; கோதுமை வந்தது; ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து கப்பலேறி ஏழை மக்கள் வந்தார்கள். 1911-ல் மக்கள் தொகை 136,000-ஐத் தாண்டியது.

வேலை முடிந்தபின் இத்தனை பேரும் என்ன செய்வது? ஆறு உறைந்து பாறைபோல் கிடக்கும் ஊரில் பனிக்கட்டிதான் விளையாட்டுத் திடல். பனி ஹாக்கி அங்கே அப்படித்தான் வேர்விட்டது. நம் ஹாக்கியில் பந்து. அதில் ரப்பர் வட்டு. ஆம், ரப்பர்தான்! ஆனால் நான் சொல்லப்போகும் அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தில் உருண்ட ரப்பர் நம் மண்ணிலிருந்து போனதாக இருக்க முடியாது. அந்த ஆட்டம் நடந்தது 1896-ல். மலாக்காவில் டான் சே யான் வணிகத்துக்காக முதல் ரப்பர் தோட்டத்தைப் போட்டதும் அதே 1896-ல்தான்.

அந்தக் காலத்தில் கனடாவின் பெரிய நகரம் மாண்ட்ரியால். நாட்டின் தலைமை ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-ல் பனி ஹாக்கிக்கென்று ஒரு வெள்ளிக் கோப்பையை வழங்கினார். மாண்ட்ரியால் குழுக்களே அதை மாறி மாறி வைத்திருந்தன. மேற்கே புல்வெளியில் கோதுமை விதைக்கிறவர்களுக்கு ஹாக்கி என்ன தெரியும் என்பதுதான் கிழக்கத்தியர் நினைப்பு. அந்த நினைப்போடு மோதத்தான் வின்னிபெக் விக்டோரியாஸ் குழு 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் பயணம் செய்து மாண்ட்ரியால் போய்ச் சேர்ந்தது. 1896 பிப்ரவரி 14-ம் தேதி ஆட்டம்.

வின்னிபெக்கில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வானொலி கிடையாது. காலையில் பத்திரிகை வரும்வரை காத்திருக்கப் பொறுமையும் கிடையாது. மனிடோபா ஹோட்டல், குவீன்ஸ், கிளாரண்டன் ஆகிய விடுதிகளில் கூட்டம் கூட்டமாகக் கூடிவிட்டார்கள். மாண்ட்ரியாலிலிருந்து தந்திக் கம்பி வழியாகச் செய்தி வரவர, அது கூட்டத்துக்குப் படித்துச் சொல்லப்பட்டது. மெர்டேக்கா காற்பந்துப் போட்டி நடந்த நாட்களில் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி ஒரு லயமே உட்கார்ந்து கேட்ட கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கண்ணால் பார்க்காத ஆட்டத்துக்கு நெஞ்சு படபடக்கிற அந்தச் சுகமே தனி!

விக்டோரியாஸ் குழுவின் கோல் காவலர் மெரிட். 'வைட்டி' என்று செல்லப் பெயர். அவர் களத்தில் இறங்கியதும் மாண்ட்ரியால் மக்கள் விழித்தார்கள். காலில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் கட்டிக்கொள்ளும் வெள்ளை உறை! கோப்பைக்கான ஆட்டத்தில் அதுவரை யாரும் அப்படிக் கட்டிக்கொண்டு வந்ததில்லை. அன்று அவரைத் தாண்டி ஒரு வட்டும் வலைப்பக்கம் போகவில்லை. ஆர்மிடேஜ் ஒரு கோல், கேம்பல் ஒரு கோல். 2-0 என்று வின்னிபெக் ஜெயித்தது. மாண்ட்ரியாலுக்கு வெளியே கோப்பை போனது அதுவே முதல் தடவை. பிறகு கோல் காவலர்கள் எல்லோரும் காலுறை கட்ட ஆரம்பித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமா?

அதே ஆண்டு டிசம்பர் 30-ல் மாண்ட்ரியால்காரர்கள் வின்னிபெக்குக்கே வந்து 6-5 என்று ஜெயித்துக் கோப்பையைத் திரும்ப எடுத்துப் போனார்கள். 1901-ல் அது மறுபடி வின்னிபெக்குக்கு வந்தது. அம்முறை கூடுதல் நேரத்தில் வெற்றி கோலைப் போட்டவர் டான் பெயின். மிதிவண்டிப் பந்தயம், சறுக்கல், துப்பாக்கி சுடுதல் என்று எதைத் தொட்டாலும் பரிசு வாங்கிய மனிதர் அவர்.

நகரின் செல்லப் பிள்ளைகளைப் பார்த்தாயிற்று. அந்தக் குழுவில் இருந்த பெயர்களைப் பாருங்கள்: ஆர்மிடேஜ், கேம்பல், மெரிட், பெயின். எல்லாம் ஆங்கில, ஸ்காட்லாந்துப் பெயர்கள். மற்றவர்கள் எங்கே?

முதலில் பெண்கள். அவர்களுக்குப் பத்திரிகையில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். சமையல், தையல், சங்கச் செய்தி என்று. ஃபிரீ பிரசின் வாரப் பதிப்பில் 1906 முதல் 'லிலியன் லாரி' என்ற புனைபெயரில் ஒரு பெண் அந்தப் பக்கத்தை நடத்தினார். உண்மைப் பெயர் லிலியன் பெய்னன். திருமணத்துக்குப் பின் பெய்னன் தாமஸ். பக்கத்தின் நோக்கம் இல்லத்தரசிகளுக்குப் பொழுதுபோக்கும் வீட்டுக் குறிப்புகளும்தான். ஆனால் வந்த கடிதங்கள் வேறு மாதிரி இருந்தன. அண்டை வீட்டுக்கே பல மைல் நடக்க வேண்டிய பண்ணைகளில் தனித்துக் கிடந்த பெண்கள் தங்கள் மனக்குறைகளைக் கொட்டினார்கள். பாடுபட்டு உழுத நிலத்தைக் கணவன் தன் இஷ்டப்படி விற்றுவிட்டால் மனைவிக்குச் சட்டத்தில் ஒரு பிடியும் இல்லை. இதையெல்லாம் படித்துப் படித்துத்தான் அந்தப் பக்கத்தின் ஆசிரியை ஓட்டுரிமைப் போராட்டத்தில் இறங்கினார். குடும்பப் பக்கம்தானே என்று நினைப்பவர்கள் கவனிக்கட்டும்!

இனி நாடக அரங்குக்கு வருவோம். 1907-ல் திறக்கப்பட்ட வாக்கர் தியேட்டர் அந்நாளில் வின்னிபெக்கின் பெருமை. அமெரிக்காவிலிருந்து ரயிலேறி வரும் நாடகக் குழுக்கள் அங்கேதான் ஆடும். உரிமையாளர் வாக்கர். அவர் மனைவி ஹேரியட் முன்னாள் நடிகை. 'டவுன் டாபிக்ஸ்' என்ற வார ஏட்டில் நாடக விமர்சனமும் எழுதினார். கணவருடைய அரங்கில் நடக்கிற நாடகத்துக்கு மனைவி விமர்சனம் எழுதினால் அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று கேட்காதீர்கள். நல்ல எழுத்துக்காரி என்று பெயர் வாங்கியவர்.

1914 ஜனவரி 27-ம் தேதி பெண்கள் குழு ஒன்று மனிடோபா மாநிலத்தின் முதல்வர் ராப்ளினைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. அவர் மரியாதையாகப் பேசி, முடியாது என்று சொல்லி அனுப்பினார். குழுவில் இருந்தவர் நெல்லி மெக்லங் என்ற எழுத்தாளர். முதல்வர் எப்படி நிற்கிறார், கையை எப்படி ஆட்டுகிறார், குரலை எங்கே ஏற்றி எங்கே இறக்குகிறார் என்று எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார்.

மறுநாள் இரவு வாக்கர் தியேட்டரில் நாடகம். சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். மேடையில் ஒரு சட்டமன்றம்; உறுப்பினர்கள் அனைவரும் பெண்கள். அந்தக் கற்பனை நாட்டில் ஆட்சி பெண்களிடம். ஓட்டு இல்லாதவர்கள் ஆண்கள். பாவப்பட்ட ஆண்கள் சிலர் கைவண்டியில் மனுக்களை நிரப்பித் தள்ளிக்கொண்டு வந்து ஓட்டுரிமை கேட்கிறார்கள். முதல்வர் வேடத்தில் மெக்லங் எழுந்தார். முதல் நாள் ராப்ளின் பேசிய அதே தோரணை, அதே கையசைப்பு. ஆண்களின் அழகையும் நாகரிகத்தையும் வாயாரப் புகழ்ந்தார். பிறகு, அரசியலில் இறங்கினால் ஆண்களின் மனம் கலைந்துபோகும், குடும்பம் கெடும், ஆகவே ஓட்டு வேண்டாம் என்று உருக்கமாகப் புத்தி சொன்னார். அரங்கம் சிரிப்பில் குலுங்கியது. பத்திரிகைகளும் பாராட்டி எழுதின. வசூலான பணம் போராட்டச் செலவுக்கு உதவியது.

சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1916 ஜனவரி 28-ல், மனிடோபா பெண்களுக்கு ஓட்டுரிமை சட்டமானது. கனடாவிலேயே முதல் மாநிலம் அது. நாடகம் ஒன்றே இதைச் சாதித்தது என்று நான் சொல்லவில்லை. இடையே ராப்ளின் அரசு சட்டமன்றக் கட்டட ஊழலில் சிக்கிக் கவிழ்ந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். ஆனால் செய்திப் பக்கத்தில் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத மரியாதை, நாடகப் பக்கம் வழியாக உள்ளே நுழைந்தபோது கிடைத்தது என்பதை மறுக்க முடியாது.

அப்போதும் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வந்துவிடவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகள் வெளியேதான் நின்றார்கள். தங்கள் தனி உரிமைகளை இழக்காமல் அவர்கள் நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போட 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூர்வகுடிகள் என்றதும் ஜோ கீப்பரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வடக்கே நார்வே ஹவுஸ் பகுதியைச் சேர்ந்த கிரீ இனத்தவர். சிறுவயதில் வீட்டைவிட்டுப் பிரித்து, பிராண்டன் நகரில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று நடத்திய விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். ஓட்டம் அவருக்கு மூச்சுவிடுவது போல. வின்னிபெக் வந்து அங்குள்ள விளையாட்டு மன்றத்துக்காக ஓடிப் பரிசுகளை அள்ளினார். 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். முதல் உலகப் போரில் குண்டு மழைக்கு நடுவே செய்தி கொண்டு ஓடும் வேலை செய்து வீரப் பதக்கம் பெற்றார். உலக அளவில் கனடாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவரின் மக்களுக்கு அந்த நாட்டில் ஓட்டு இல்லை! விளையாட்டுப் பக்கம் வாசலைத் திறக்கும். ஆனால் கூடத்தில் உட்கார்த்தி வைக்குமா என்பது வேறு கேள்வி.

இனி நான் சொல்ல வந்த முக்கியக் கதை.

ஐஸ்லாந்திலிருந்து ஒரு கூட்டம் கப்பலேறி வந்தது. எரிமலைச் சாம்பலும் வறுமையும் விரட்டிய மக்கள். 1875-ல் வின்னிபெக்குக்கு வடக்கே ஏரிக்கரையில் குடியேறினார்கள். அடுத்த ஆண்டே பெரியம்மை வந்து அவர்களில் சுமார் 100 பேரைக் கொண்டு போயிற்று. பக்கத்தில் இருந்த பூர்வகுடிக் கிராமங்களும் அழிந்தன. இந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? இவர்கள் 1877-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள், தங்கள் தாய்மொழியில்! 'ஃபிராம்ஃபாரி' என்று பெயர். அது நீடிக்கவில்லை. பிறகு வின்னிபெக் நகரில் 1886-ல் 'ஹெய்ம்ஸ்கிரிங்லா', 1888-ல் 'லோக்பெர்க்' என்று இரண்டு வார ஏடுகள் வந்தன. இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே வளர்ந்து, 1959-ல் ஒன்றாகச் சேர்ந்தன. கடல் கடந்து வந்தவர்களுக்குத் தாய்மொழிப் பத்திரிகை என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர்களின் பிள்ளைகள் நகரின் மேற்குப் பகுதியில் வளர்ந்தார்கள். அப்பன்மார் சாக்கடை தோண்டவும் கட்டட வேலைக்கும் போனார்கள். பிள்ளைகள் ஹாக்கி ஆடினார்கள். பள்ளியிலும் தெருவிலும் கேலிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் மற்றவர்கள். அந்தப் பிள்ளைகள் சேர்ந்து அமைத்த குழுதான் 'ஃபால்கன்ஸ்', அதாவது வல்லூறுகள். அவர்களின் நட்சத்திரம் ஃபிராங்க் ஃபிரெட்ரிக்சன். வின்னிபெக்கில் பிறந்தும், பள்ளிக்கூடம் போகும்வரை ஆங்கிலம் அறியாதவர். நன்றாக வயலின் வாசிப்பார்.

போர் வந்ததும் குழுவே பட்டாளத்தில் சேர்ந்தது. இருவர் திரும்பவில்லை. ஃபிராங்க் தோர்ஸ்டைன்சன், ஜார்ஜ் கம்பர்ஸ். ஃபிரெட்ரிக்சன் விமானப் பயிற்சி பெற்றார். மத்தியதரைக் கடலில் அவர் போன கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. வயலினையும் விடாமல் தூக்கிக்கொண்டு உயிர் தப்பினார்.

போர் முடிந்து வீடு திரும்பினால், ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. 1919 மே 15-ல் வின்னிபெக்கில் பொது வேலைநிறுத்தம். தொலைபேசி நிலையத்துப் பெண்கள் முதலில் வெளியே வர, சுமார் 30,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆறு வாரம் நீடித்தது. அச்சுத் தொழிலாளரும் சேர்ந்துகொண்டதால் சில நாட்கள் நாளேடுகளே வெளிவரவில்லை. பால் வண்டியும் ரொட்டி வண்டியும் மட்டுமல்ல, தியேட்டரும்கூட வேலைநிறுத்தக் குழுவின் அனுமதி அட்டையை மாட்டிக்கொண்டுதான் நடந்தது. தெருவில் கூட்டம் கூடிக் கலவரமாகாமல் படம் பார்க்கட்டுமே என்பது தொழிலாளர் தலைவர்களின் யோசனை. ஜூன் 21-ல் குதிரைப்படைப் போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். இதற்கெல்லாம் வந்தேறிகளே காரணம் என்று ஃபிரீ பிரஸ் எழுதியது. நாடு கடத்துவதை எளிதாக்கச் சட்டமும் திருத்தப்பட்டது. அந்நியப் பெயர் வைத்திருப்பதே அந்த ஆண்டு ஒரு குற்றம் போல் ஆகிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஃபால்கன்ஸ் குழு மறுபடி மட்டையை எடுத்தது. நகரின் பெரிய லீக் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போகட்டும் என்று பிராண்டன், செல்கர்க் குழுக்களோடு சேர்ந்து தனி லீக் அமைத்தார்கள். அதில் ஜெயித்தார்கள். பிறகு தங்களைச் சேர்க்காத பெரிய லீக்கின் வீரர் குழுவோடு மோதி, அவர்களையும் ஜெயித்தார்கள்! அங்கிருந்து டொரோண்டோ போய்ப் பல்கலைக்கழகக் குழுவை வென்று, 1920 மார்ச்சில் கனடாவின் அமெச்சூர் வெற்றிக் கோப்பையான ஆலன் கோப்பையைக் கைப்பற்றினார்கள்.

அந்த ஆண்டுதான் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பனி ஹாக்கி. இடம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப். ஆலன் கோப்பையை வென்ற குழுவே கனடாவின் குழு. வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வரக்கூட நேரமில்லாமல் நேராகக் கப்பலேறினார்கள். எட்டு ஆட்டக்காரர்களில் ஏழு பேர் ஐஸ்லாந்து வம்சம். ஹக் வுட்மன் ஒருவர் மட்டும் வேறு. செக்கோஸ்லோவாக்கியாவை 15-0, அமெரிக்காவை 2-0, சுவீடனை 12-1 என்று வென்றார்கள். மூன்று ஆட்டம், 29 கோல். வாங்கியது ஒன்றே ஒன்று.

24 ஆண்டுகளுக்கு முன் ஆர்மிடேஜ், கேம்பல் என்ற பெயர்களைத் தந்தியில் கேட்டுக் கைதட்டிய அதே நகரம், இப்போது ஜோஹனசன், ஹால்டர்சன், ஃப்ரிட்ஃபின்சன் என்ற பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தது. மே மாதம் குழு ஊர் திரும்பியபோது ஊர்வலம், விருந்து, உரை, மாலை! ஓராண்டுக்கு முன் வேலைநிறுத்தக்காரர்கள் சுடப்பட்ட அந்த நகரத் தெருக்கள்தான்.

ஒரே ஒரு வெற்றியில் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. உக்ரேனியருக்கும் யூதருக்கும் அந்த ஊரில் கதவு திறக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. வெற்றி பெற்றவனை நம்மவன் என்று சொல்வது எளிது. தோற்றவனையும் சொன்னால்தானே கணக்கு? ஆயினும் சார்ஜெண்ட் தெருவில் லோக்பெர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, நகரின் ஆங்கில நாளேட்டிலும் தன் மகன் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்த்த ஒரு கூலிக்காரத் தகப்பனின் முகத்தை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. உங்களாலும் முடியும்.

ஃபிரெட்ரிக்சன் என்ன ஆனார்? அதே 1920 கோடையில் ஐஸ்லாந்துக்குப் போய் அங்கே விமானம் ஓட்டினார். பெற்றோர் பசியோடு கப்பலேறிப் பிரிந்து வந்த நாட்டின் வானத்தில் மகன் பறந்தார். பிறகு தொழில்முறை ஆட்டக்காரரானார். கனடாவின் மேற்குக் கரையில் உள்ள விக்டோரியா நகரக் குழுவில் அவரும், பழைய ஃபால்கன்ஸ் தோழர் ஹால்டர்சனும் சேர்ந்து ஆடி, 1925-ல் ஒரு வெள்ளிக் கோப்பையை வென்றார்கள். அது வேறு எதுவுமல்ல. ஹோட்டல் ஹோட்டலாகக் கூட்டம் கூடித் தந்திக்குக் காத்திருந்தார்களே, அதே ஸ்டான்லி பிரபுவின் கோப்பை.